கலகெதர வீதியில் மண்ணெண்ணெய் அளந்த நாள்

எண்ணெய் விலை கூடிய மறுநாள் காலையில் நமது அலுவலகத்துக்கு வரும் முறைப்பாடுகளைப் புதுப் பரிசோதகர்களான நீங்கள் இனிமேல்தான் பார்க்கப் போகிறீர்கள். நேற்றுவரை ஒருவரும் கவனிக்காத பம்புகள் எல்லாம் ஒரே இரவில் களவு செய்யத் தொடங்கிவிட்டது போல ஆட்கள் வந்து நிற்பார்கள். பம்பு மாறியிருக்காது. விலை மாறியிருக்கும். அதனால் அவர்கள் தங்கள் போத்தலை முதன்முறையாக உற்றுப் பார்த்திருப்பார்கள். அவர்களிடம் எரிந்து விழாதீர்கள். அவர்களுக்குக் கோபம் நம்மீது இல்லை. ஆனால் கையெட்டும் தூரத்தில் நிற்கிற அரசாங்கம் நாம் மட்டும்தான்.

கண்டியில் இருபது வருடங்களுக்கு மேல் அளவை நிறுவைப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சொந்த ஊர் யாழ்ப்பாணம். கலனை எப்படிப் பிடிப்பது, பம்பை எப்படிப் பூட்டுவது என்பதையெல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். எனக்குச் சொல்ல இருப்பது இரண்டு நாட்களைப் பற்றி. ஒரு நாள் நான் பிழை விட்டேன். மற்ற நாள் சரியாகச் செய்தேனா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை.

முதலாவது குண்டசாலைப் பக்கத்தில் நடந்தது. வேலைக்குச் சேர்ந்து அதிக நாளாகவில்லை. ஒரு பெற்றோல் செட்டில் மண்ணெண்ணெய் குறைகிறது என்று முறைப்பாடு வந்தது. போய் அளந்தேன். குறைந்தது. உடனே பம்பைப் பூட்டி, கம்பி கோர்த்து, ஈய முத்திரையைக் குறட்டால் நசுக்கினேன். படிவத்தில் கையெழுத்து வாங்கினேன். முதலாளியின் முகம் கறுத்ததைப் பார்த்து உள்ளுக்குள் எனக்கு ஒரு திருப்தி. பஸ்ஸில் திரும்பி வரும்போது, ஏழைகளுக்காக ஏதோ செய்துவிட்டவன் போலத்தான் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் அலுவலகத்தில் பண்டா என்று ஓர் உதவியாளர் இருந்தார். அளவுக் கலன்கள் வைத்த மரப்பெட்டியைச் சுமந்துகொண்டு எல்லா இடத்துக்கும் எங்களோடு வருபவர். என் வயதுக்காரர், அதிகம் பேசமாட்டார். ஒன்றரைக் கிழமை, பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒருநாள் அவர் வேலைக்கு நன்றாகப் பிந்தி வந்தார். நான் மற்றவர்கள் முன்னால் அவரைக் கடிந்துகொண்டேன்.

"மன்னிக்க வேண்டும் மாத்தயா," என்றார் அவர் சிங்களத்தில்; மாத்தயா என்றால் ஐயா. "திகனவுக்குப் போய் எண்ணெய் எடுத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன்."

"குண்டசாலையில் இருக்கிற ஆள் ஏன் திகனவுக்குப் போக வேண்டும்?"

"எங்கள் பக்கத்துப் பம்பில் மாத்தயா போட்ட முத்திரை இருக்கிறதே."

அந்தப் பம்பைத் திருத்துவதற்குக் கொழும்பிலிருந்து மெக்கானிக் வர வேண்டியிருந்தது. முதலாளிக்கு அவசரமில்லை. அவருக்குப் பெற்றோலும் டீசலும் விற்றுக்கொண்டிருந்தன. திகனவுக்கு நடந்தவர்கள் வரிசையில் நின்ற ஆட்கள்தான். சிலர் திரும்ப விறகுக்குப் போயிருந்தார்கள்.

"அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"மாத்தயா கேட்கவில்லையே," என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

நான் சட்டப்படிதான் செய்தேன். ஆனால் முத்திரை யார் தலையில் போய் விழும் என்று யோசிக்காமல் செய்தேன். அதற்குப் பிறகு குறட்டைக் கையில் எடுக்குமுன், நாளைக்கு இந்த ஆட்கள் எங்கே போவார்கள் என்று கேட்காமல் இருந்ததில்லை.

இரண்டாவது நாள், குவைத்தில் சண்டை வந்த காலத்தில். உலகம் முழுக்க எண்ணெய் விலை ஏறியது. இங்கேயும் ஏற்றினார்கள். டீசல் நன்றாக ஏறியது. மண்ணெண்ணெயை அந்த அளவுக்கு ஏற்றவில்லை. மின்சாரம் இல்லாத வீடுகளுக்கு அடுப்பும் விளக்கும் அதுதான் என்று கொழும்பில் ஒரு மேசையில் முடிவு செய்திருப்பார்கள். நல்ல எண்ணத்தில் எடுத்த முடிவு. ஆனால் இரண்டு விலைக்கும் நடுவில் விழுந்த இடைவெளிக்குள் லொறிக்காரர்கள் புகுந்தார்கள். டீசலோடு மண்ணெண்ணெயைக் கலந்து ஓடினார்கள். ஏழைகளுக்கென்று வைத்த எண்ணெய் மலையேறும் லொறிகளில் புகையாகப் போனது. செட்டுகளில் வரிசை நீண்டது. குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்த பெண்கள் ஒரு கைப்பையோடு திரும்பி வந்துகொண்டிருந்ததும் அதே நாட்களில்தான்.

நாட்டுக்குள்ளே வேறொன்றும் நடந்தது. வடக்கில் சண்டை மறுபடியும் மூண்டிருந்தது. அந்த வருடக் கடைசியில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை அவர்கள் வீடுகளிலிருந்து வெளியேறச் சொன்னார்கள். போக அவர்களுக்குக் கொடுத்தது சில மணித்தியாலங்கள்தான். துப்பாக்கியோடு நின்று அதைச் சொன்னவர்கள் என் மொழி பேசியவர்கள், என் ஊர் இயக்கப் பெடியள். கண்டியில் தெரிந்த முஸ்லிம் வியாபாரிகளின் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசிய நாட்கள் அவை. அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. முன்பு போல "வாங்க மாத்தயா" என்றும் சொல்லவில்லை.

அப்படி ஒரு காலையில், கலகெதரவுக்குப் போகும் வீதியில் ஒரு பெற்றோல் செட்டைச் சனம் சூழ்ந்து நிற்கிறது என்று பொலிஸ் நிலையத்திலிருந்து தொலைபேசி வந்தது. மண்ணெண்ணெய் அளவு குறைகிறது, ஒளித்து வைத்து லொறிக்கு விற்கிறார்கள் என்று பேச்சு. செட் ஒரு ஹாஜியாருடையது. மற்றப் பரிசோதகர் லீவில் இருந்தார். எங்கள் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு நெற்றியைத் தடவினார்.

"அங்கே நிற்பவர்கள் எல்லாம் சிங்கள ஆட்கள். முதலாளி முஸ்லிம். போகப் போகிறது நீ," என்றார். பிறகு, "பெரிதாக ஒன்றும் வேண்டாம். போனதும் முத்திரையைப் போட்டுவிட்டுத் திரும்பி வா. சனம் ஆறிவிடும்," என்றார்.

அரச வாகனங்களுக்கு எரிபொருளை வெட்டியிருந்தார்கள். எங்கள் ஜீப்பின் எண்ணெய்த் தாங்கி காய்ந்து கிடந்தது. எண்ணெய்ச் சண்டையைத் தீர்க்க நானும் பண்டாவும் பஸ்ஸில் போனோம். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் எல்லோரையும் இறக்கிச் சோதித்தார்கள். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருந்த என் அடையாள அட்டையையும், பண்டாவின் தோளில் இருந்த பூட்டிய பெட்டியையும் அந்தச் சிப்பாய் மாறி மாறிப் பார்த்தான். பண்டா பெட்டியைத் திறந்து காட்டி, எண்ணெய் அளக்கிற கலன் என்று விளக்கிய பிறகுதான் விட்டான்.

செட்டுக்கு முன்னால் வரிசை வளைவைத் தாண்டிப் போயிருந்தது. இப்போது அது வரிசையாகவும் இல்லை. கேன்களையும் போத்தல்களையும் தரையில் வைத்துவிட்டு ஆட்கள் முன்னுக்கு வந்து நின்றார்கள். அலுவலக அறையின் கண்ணாடி ஒன்று உடைந்திருந்தது. இரண்டு கொன்ஸ்டபிள்மார் செய்வதறியாமல் நின்றார்கள். பம்புக்கு எதிரே ஒரு பழைய டயரை யாரோ உருட்டி வந்து படுக்க வைத்திருந்தார்கள். தமிழர்களின் கடைகளையும் வீடுகளையும் எரித்த ஆடிக் கலவரத்தின்போது நான் கண்டியில்தான் இருந்தேன். டயர் எதற்கு என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

ஹாஜியார் தொப்பியைக் கையில் கசக்கியபடி ஓடி வந்தார். அறுபது வயதிருக்கும். சேர்ட் முழுக்க நனைந்திருந்தது.

"மாத்தயா, அல்லாவுக்காக ஏன்ட சொல்லக் கேளுங்க. நான் பம்புல கை வைக்கல்ல. பொறத்தால வீட்டுல பொம்புளப் புள்ளைகள் ஈக்கிறாங்க…"

அவர் தமிழில் பேசத் தொடங்கியதும் முன்வரிசையில் முகங்கள் மாறுவதைக் கண்டேன். அவர்களுக்கு விளங்காத மொழியில் அதிகாரியும் முதலாளியும் குசுகுசுக்கிறார்கள் என்று அவர்களுக்குப் பட்டிருக்கும்.

"ஹாஜியார், சிங்களத்தில் சொல்லுங்கள்," என்றேன் நான் உரக்க, சிங்களத்திலேயே. "நீங்களும் நானும் பேசுவது எல்லாருக்கும் விளங்க வேண்டும்."

அன்றைக்கு நான் செய்தவற்றில் சரி என்று இன்றும் சந்தேகமில்லாமல் சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

கூட்டத்தின் முன்னால் நின்றவர் குணபால. வளைவில் தேநீர்க் கடை வைத்திருந்தார். அவர் அடுப்பு மண்ணெண்ணெய் அடுப்பு. இங்கே வாங்கியதைக் கடையில் தன் அளவுப் போத்தலில் ஊற்றிப் பார்த்ததில் குறைந்திருந்தது. அவர் மனைவி குவைத்திலிருந்து வெறுங்கையோடு வந்து சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது என்பதைப் பின்னால் அறிந்தேன்.

பண்டா ஐந்து லீற்றர் கலனைத் தரையில் மட்டமாக வைத்தார். நான் பம்பிலிருந்து நிரப்பினேன். அந்தக் கலனின் கழுத்தில் ஒரு சிறு கண்ணாடிச் சாளரம் உண்டு. எண்ணெய் மட்டம் அதில் இருக்கும் கோட்டுக்கு வர வேண்டும். குனிந்து பார்ப்பவருக்கு மட்டும்தான் தெரியும். நான் குனிந்தேன்.

குறைந்திருந்தது. சட்டம் மன்னிக்கும் எல்லைக்கும் கீழே.

பண்டாவும் பார்த்துவிட்டார். எங்கள் இருவரைத் தவிர வேறொருவருக்கும் தெரியாது. நிமிராமல் அப்படியே இருந்தேன். 'சரியாக இருக்கிறது' என்று ஒரு பொய் சொன்னால் கூட்டம் கலைந்து போகலாம். ஆனால் குணபால மறுபடி தன் போத்தலில் அளப்பார். அப்போது செட்டையும் எரிப்பார்கள், அதற்குப் பிறகு இந்தக் கலனை எவரும் நம்பவும் மாட்டார்கள். 'குறைகிறது' என்று சொன்னால் நான் பஸ்ஸுக்குப் போகுமுன் டயர் எரியும். ஒரு முஸ்லிமின் செட்டை எரிக்க யாழ்ப்பாணத்தான் ஒருவன் ஒரு சொல் கொடுத்தான் என்றாகும். எண்ணெயைத் தாங்கிக்குள் திருப்பி ஊற்றிவிட்டு, "இன்னொருமுறை," என்றேன்.

இரண்டாம் முறையும் அதே. மூன்றாம் முறையும் அளந்தேன். விதியில் மூன்றுமுறை அளக்க இடமிருக்கிறது. எனக்குத் தேவைப்பட்டது எண்ணெயின் அளவு அல்ல, நேரம். அந்த நேரத்தில்தான் கண்கள் பம்பின் பக்கவாட்டுக்குப் போயின. அங்கே வருடாந்தப் பரிசோதனையில் நாங்கள் போடும் ஈய முத்திரை தொங்கிக்கொண்டிருந்தது.

நான் நிமிர்ந்து குணபாலவைக் கூப்பிட்டேன்.

"ஐயா, வந்து நீங்களே பாருங்கள். எண்ணெய் எங்கே நிற்கிறது, கோடு எங்கே இருக்கிறது?"

அவர் குனிந்தார். சட்டென்று எழுந்து, "குறைகிறது! நான் சொன்னேனே! குறைகிறது!" என்று கத்தினார்.

அந்தச் சத்தம் பின்வரிசைவரை போய்த் திரும்பி வந்தது. எல்லோரும் ஒன்றாக முன்னுக்கு நெருங்கினார்கள். ஒரு கேன் கவிழ்ந்தது. ஹாஜியார் பம்போடு ஒட்டி நின்றார். கொன்ஸ்டபிள் ஒருவர் என் தோளைப் பிடித்து, "மாத்தயா, உள்ளே போங்கள்," என்றார்.

உள்ளே போயிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். நான் குணபாலவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"ஐயா, பாதியைச் சொல்லிவிட்டீர்கள். மற்றப் பாதியையும் பாருங்கள். இது எங்கள் முத்திரை. பம்புக்குள் ஒருவன் கைவைக்க வேண்டுமென்றால் இந்தக் கம்பியை அறுக்க வேண்டும். அறுத்த அடையாளம் இருக்கிறதா?"

அவர் என்னை உதறிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. கம்பியை விரலால் தடவி முழுவதும் பார்த்தார். கூட்டம் அவரைப் பார்த்தது.

"இல்லை," என்றார்.

"முத்திரையில் வருடம் குத்தியிருக்கிறது. வாசியுங்கள்."

வாசித்தார். அது பழைய வருடம்.

"ஒவ்வொரு வருடமும் வந்து அளந்து புது முத்திரை போட வேண்டியவர்கள் நாங்கள்," என்றேன். என் சிங்களம் அப்போது தடுமாறியது. "நாங்கள் வரவில்லை. பம்பு தேய்ந்திருக்கிறது. ஹாஜியார் பம்பில் கைவைக்கவில்லை. உங்களுக்கு எண்ணெய் குறைந்தது எங்கள் அலுவலகத்தின் பிழை. நான் எழுதித் தருகிறேன்."

முந்திய இரண்டு வருடங்கள் தெற்கில் கிளர்ச்சி நடந்து, எங்கள் பக்கத்திலும் வீதியில் போக முடியாத காலம். உங்கள் பெற்றோரைக் கேட்டால் சொல்வார்கள். ஆனால் அந்த இடத்தில் அதைச் சாக்காகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிறகு பின்னாலிருந்து ஒரு குரல்: "தெமல மாத்தயா! தமிழர் நீங்கள் வடக்கில் இவர்களை அடித்து விரட்டுகிறீர்கள். இங்கே வந்து காப்பாற்றுகிறீர்களா?"

சிலர் சிரித்தார்கள். நான் முத்திரைக் கம்பியைப் பிடித்தபடி நின்றேன்.

பண்டாதான் பேசினார். வாழ்க்கையில் அவர் அத்தனை பேர் முன்னால் பேசியது அந்த ஒருமுறையாகத்தான் இருக்கும்.

"கலனைத் தூக்கி வந்தவன் நான். நான் குண்டசாலை ஆள். என் வீட்டிலும் மண்ணெண்ணெய் அடுப்புத்தான். நானும் குனிந்து பார்த்தேன். மாத்தயா சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அளவு குறைகிறது, முத்திரை சரியாக இருக்கிறது. வேறு யாருக்குப் பார்க்க வேண்டும்? வாருங்கள்."

ஒருவர் வந்தார். பிறகு இன்னொருவர். குனிந்து குனிந்து பார்த்தார்கள். பார்க்க வந்தவர்கள் தாமாகவே ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். கூட்டம் மறுபடியும் வரிசையானது அப்படித்தான்.

நான் பையிலிருந்து குறட்டை எடுத்தேன். குறைந்து ஊற்றும் பம்பில் விற்க விட முடியாது. அப்போது வரிசையிலிருந்து, மேல் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு பெண் வாய்விட்டுச் சொன்னாள்.

"ஐயா, சீல் வச்சிட்டுப் போயிறாதீங்கய்யா. வேலைக்குப் போகாம காலையில இருந்து நிக்கிறோம். வீட்டுல பச்சத் தண்ணி சுட வைக்கக்கூட ஒரு சொட்டு இல்ல. சீல் வச்சா நாங்க எங்க போறது?"

பண்டா என்னைப் பார்த்தார்.

பெட்டிக்குள் ஒரு லீற்றர் பித்தளை அளவை ஒன்றும் இருந்தது. மற்ற அளவைகளைச் சரிபார்ப்பதற்கு அரசாங்கம் தந்த அளவை அது. அதை விற்பனைக்குப் பாவிக்கவே கூடாது. இது உங்களுக்கும் முதல் நாளே சொல்லித் தருவார்கள், எனக்கும் சொல்லித் தந்தார்கள். பம்புக்கு முத்திரை வைத்தேன். பிறகு தாங்கியின் மூடியைத் திறக்கச் சொன்னேன். ஹாஜியாரின் ஆட்கள் கைப்பம்பால் ஓர் இரும்புப் பரலுக்குள் இறைத்தார்கள். நான் சேர்ட் கையைச் சுருட்டிக்கொண்டு அந்தப் பித்தளை அளவையால் அள்ளி அள்ளி ஊற்றத் தொடங்கினேன். ஆளுக்கு இரண்டு லீற்றர்தான், எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்று பண்டா அறிவித்தார். புனல் பிடிக்க ஆள் தேவைப்பட்டது. குணபால வந்து பிடித்தார். அந்தத் தோட்டத்துப் பெண் கொண்டுவந்தது ஒரேயொரு போத்தல். மிச்சத்துக்கு ஹாஜியார் உள்ளேயிருந்து ஒரு கேன் எடுத்துக் கொடுத்தார்.

பகல் சாப்பாடு இல்லாமல் பின்னேரம்வரை ஊற்றினோம். இடையில் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தபோது டயர் வீதியோரத்துக்குப் போயிருந்தது.

எல்லாம் முடிந்த பிறகு கண்ணாடி உடைந்த அறைக்குள் கதிரையில் விழுந்தேன். கை முழுக்க எண்ணெய் நாற்றம். முக்காடு போட்ட ஒரு பெண் தண்ணீர் கொண்டுவந்தாள். "தாங்கோ தங்கச்சி," என்று கையை நீட்டினேன். களைப்பில் ஊர்ப் பேச்சு தானாக வந்துவிட்டது. அவள் அப்படியே நின்றாள். பிறகு செம்பை என் கையில் தராமல் மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"ஏன்ட கடைசித் தங்கச்சி," என்றார் ஹாஜியார். "யாழ்ப்பாணத்துல கட்டிக் குடுத்த. இப்ப உடுத்த உடுப்போட வந்தீக்கிறாள், புள்ளைகளோட."

நான் தண்ணீரைக் குடித்தேன். வேறு என்ன செய்வது?

"நீங்க யாழ்ப்பாணத்தாள்னு கொன்ஸ்டபிள் சொன்ன நேரம், எல்லாம் முடிஞ்சிச்சின்னு நெனச்சேன் மாத்தயா," என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். "ஒங்களுக்குப் பொய் சொல்ல ஏலா. பம்புல நான் கை வைக்கல்ல. ஆனா ரெண்டு பரல் லொறிக்காரனுக்குக் குடுத்தேன். தங்கச்சி குடும்பம் வந்த நேரம். கையில ஒன்னும் இல்ல. குடுத்தேன்."

எனக்குக் கோபம் வந்தது. அவர்மீதும், என்மீதும். வெளியே நான் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அந்தச் சனம் என் பேச்சைக் கேட்டு, இந்த மனிதர் எல்லாவற்றிலும் சுத்தம் என்று எடுத்துக்கொண்டு போயிருக்கும். குணபால புனல் பிடித்தது அந்த நம்பிக்கையில்தான்.

"ஹாஜியார், இதை நான் கேட்காத மாதிரி இருக்க ஏலாது," என்றேன். "அது எங்கட அலுவலகத்து வேலை இல்லை, உதவி அரசாங்க அதிபற்ற வேலை. நான் எழுதினால் உங்களைக் காட்டிக்குடுத்தது போலதான். நீங்களே போய்ச் சொல்லுங்கோ. ஒரு கிழமை பாக்கிறன். நீங்கள் போகேல்லை எண்டால் நான் எழுதுவன்."

"செரி," என்றார்.

அவர் போனார். நான்காம் நாளே போனார் என்று கேள்விப்பட்டேன். தண்டம் கட்டினார். அந்த உதவி அதிபர் நல்ல ஒரு மனிதர். அனுமதிப் பத்திரத்தைப் பறிக்கவில்லை. பறித்தால் அந்த வீதியில் மண்ணெண்ணெய் விற்க வேறு ஆளில்லை என்று அவருக்கும் தெரிந்திருந்தது. எண்ணெய் ஏற்றிவரும் பவுசர் லொறி வரும்போது ஊரார் இருவர் முன்னிலையில் தாங்கியில் கோல் விட்டு அளக்க வேண்டும் என்று கட்டளை போட்டார். அந்த இருவரில் ஒருவர் குணபால. அவர் ஹாஜியாரோடு சில மாதங்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் பவுசர் வரும் நாளில் தவறாமல் வந்து நின்றார்.

எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அரசாங்க அளவையை விற்பனைக்குப் பாவித்தது ஒன்று, திணைக்களத்தின் குறையைப் பொது இடத்தில் அறிவித்தது மற்றொன்று. நான் மறுக்கவில்லை. என் கோப்பில் எச்சரிக்கை ஏறியது, பதவி உயர்வு பிந்தியது. அதைவிட எனக்கு உறைத்தது வேறொன்று. பாவித்த அளவையைத் திரும்பச் சரிபார்க்கக் கொழும்புக்கு அனுப்ப வேண்டி வந்தது. அது வந்து சேரும்வரை எங்கள் அலுவலகம் சில கிழமைகள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தது. அந்த நாட்களில் வேறு எத்தனை வரிசைகளில் எத்தனை பேருக்குக் குறைந்ததோ, எனக்குத் தெரியாது. அதனால்தான் சரியாகச் செய்தேனா என்று நிச்சயமில்லை என்றேன்.

என்னைப் போல அளவையை எடுத்து ஊற்றுங்கள் என்று உங்களுக்குச் சொல்லவில்லை. எந்த எண்ணெய்க்கு எந்த விலை என்று தீர்மானிக்கும் இடத்தில் நாம் ஒருபோதும் இருக்கப் போவதில்லை. அந்தத் தீர்மானம் வந்து விழும் இடத்தில் இருப்போம். அங்கே நிற்கிற எல்லோரும் ஏதோ ஒன்றை இழந்துவிட்டுத்தான் வந்திருப்பார்கள். கத்துகிறவனும், களவு செய்தவனும், தண்ணீர் கொண்டுவருகிறவளும். அதை மனதில் வைத்துக்கொண்டு அளந்து பாருங்கள். கண்டதை முழுவதும் சொல்லுங்கள், நமது பிழையையும் சேர்த்து.

பம்பு திருந்தும்வரை அங்கே முத்திரையிட்ட கடை அளவையால் ஊற்றி விற்றார்கள். ஒன்றரை மாதம் கழித்து மெக்கானிக் பம்பைத் திருத்தியதும் புது முத்திரை வைக்க நானும் பண்டாவும் திரும்பப் போனோம். வரிசை இருந்தது, ஆனால் அமைதியாக இருந்தது. அளந்தோம். எண்ணெய் கோட்டில் வந்து நின்றது. வேலை முடிந்து கை கழுவக் குழாயடிக்குப் போனேன். அந்தத் தங்கச்சி அங்கே ஒரு குழந்தையின் உடுப்பை அலசிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்தாள். போய்விடுவாள் என்று நினைத்து நான் ஒதுங்கினேன். அவள் போகவில்லை. சவர்க்காரத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"ஐயா, உங்கட ஆக்கள் இப்பவும் யாழ்ப்பாணத்திலையோ?" என்று கேட்டாள். எங்கள் ஊர்ப் பேச்சு, அச்சாக.

"ஓம் தங்கச்சி. அண்ணை இருக்கிறார்."

"வீட்டைப் பூட்டித் துறப்பைக் கையில குடுக்கச் சொன்னவங்கள். குடுத்திட்டுத்தான் வந்தனாங்கள்." அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். "இனி எங்களைத் திரும்பி வர விடுவினமோ ஐயா?"

விடுவார்கள் என்று சொல்லி அவளை ஆற்றலாம் என்று ஒரு கணம் நினைத்தேன்.

"எனக்குத் தெரியாது தங்கச்சி," என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். அந்தப் பதிலுக்கு அவள் ஆயத்தமாக இருந்தது போல எனக்குப் பட்டது. "கையைக் கழுவுங்கோ," என்று சொல்லிக் குழாயைத் திறந்துவிட்டாள்.